நகல் எடுப்பது குற்றமா? தோட்டப் பள்ளிகளும் பதிப்புரிமையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெகிரி செம்பிலானில் எந்தத் தமிழ்ப்பள்ளிக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். இங்கே ஓய்வில்லாமல் உழைப்பது யார் என்றால், தலைமையாசிரியருக்கு அடுத்தபடியாகப் போட்டோஸ்டேட் இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். பயிற்சித்தாள், கவிதை, கட்டுரை, பழைய தேர்வுத்தாள் என்று காலையில் தொடங்கினால் மாலை வரை அதற்கு வேலைதான்.

'இப்படி நகல் எடுப்பது சட்டப்படி சரிதானா?' என்று கேட்டால், இரண்டு விதமான பதில் வரும். 'பிள்ளைகளுக்காகச் செய்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்?' என்பது ஒன்று. 'எதற்கு வம்பு? எதையும் தொடாமல் இருப்பதே நல்லது' என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை. பதிப்புரிமைச் சட்டம் பிறந்த நாளிலிருந்தே வகுப்பறைக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்கு ஓர் அகலமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கரும்பலகையே நகல் இயந்திரம்

லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் பழைய பெயர்களைச் சொன்னாலே ரப்பர் தோட்டங்கள்தான் நம் கண் முன்னே வரும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் வந்தது. ஆனால், எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்? பல தோட்டங்களில் லயத்தின் ஓரத்தில் ஓர் அறை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ, கிராணியோ, கங்காணியோதான் வாத்தியார். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தன. அதில் இருந்த ஊரும் ஆறும் மன்னரும் எல்லாம் அந்த நாட்டுக்குரியவை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் வாங்கித் தர வசதி ஏது? வாத்தியார் கையில் இருக்கும் ஒரே புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொள்வார்கள். அன்றைய நகல் இயந்திரம் அந்தக் கரும்பலகைதான். பின்னாளில் ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுக்கும் காலம் வந்தது. அதற்குப் பிறகு போட்டோஸ்டேட். இப்போது வாட்ஸ்அப். கருவிகள் மாறினவே தவிர, தேவை மாறவில்லை. ஒரு புத்தகத்தில் இருப்பது பல பிள்ளைகளைச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் பிறந்ததே கல்விக்காக

உலகின் முதல் பதிப்புரிமைச் சட்டம் எனக் கருதப்படுவது 1710இல் இங்கிலாந்தில் நடப்புக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்றே அதன் தலைப்பு அமைந்திருந்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் உரிமை. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். அதற்குப் பிறகு அது பொதுச்சொத்து. எழுதியவர் பிழைக்க வேண்டும், ஊரும் படிக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே தராசில் வைத்த ஏற்பாடு அது.

அடுத்து வந்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். காலனிகளாக இருந்த பினாங்குக்கும் மலாக்காவுக்கும் அதுவே சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றான நெகிரி செம்பிலானில் வேறு சட்டம் இருந்தது. 1969இல்தான் நாட்டுக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் 1911 சட்டத்தில் இருந்த இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்தினால் அது உரிமை மீறல் ஆகாது. இரண்டு, பள்ளிகளுக்கான தொகுப்பு நூலில் மற்றவர் எழுதியதிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், ஒரே பதிப்பகம் 5 ஆண்டுகளுக்குள் ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். அதோடு, பள்ளிக்காகவே எழுதப்பட்ட நூலிலிருந்து எடுக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஒரு நாவலிலிருந்து ஒரு பக்கத்தைப் பாடநூலில் சேர்ப்பதால் நாவலின் விற்பனை குறையாது. பாடநூலிலிருந்து எடுத்து இன்னொரு பாடநூல் செய்தால், முதல் நூலை எழுதியவர் சோற்றில் மண் விழும். அந்த வேறுபாட்டைச் சட்டம் அன்றே பார்த்திருக்கிறது.

பாரதி பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர்

நம் பள்ளிகளில் பாரதியார் பாட்டு ஒலிக்காத விழா உண்டா? அந்தப் பாட்டுகளுக்கும் ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 1921இல் பாரதியார் மறைந்த பிறகு நூல் உரிமை ஒரு பக்கம், இசைத்தட்டு, திரைப்பட உரிமை இன்னொரு பக்கம் எனப் பிரிந்து கைமாறியது. பாடல்களை இசைத்து வெளியிடும் உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது, அது வழக்கு வரைக்கும் போனது.

தமிழகம் கொதித்தது. 'பாரதி விடுதலைக் கழகம்' என்றே ஓர் அமைப்பு தோன்றியது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது அன்றைய சென்னை அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்தார். 1950களின் நடுவில் யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம் என்ற நிலை வந்தது. நாட்டுடைமை என்ற சொல் தமிழ் எழுத்துலகில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

இதில் நமக்கு என்ன பாடம்? பாரதியை வேலியிலிருந்து விடுவிக்கும்போதுகூட, அவர் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். மக்களுக்குப் போகட்டும் என்பதும், எழுதியவர் வீட்டு அடுப்பும் எரியட்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

குறள் பொது, உரை தனி

1923இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரு வழக்கு தீர்ந்தது. பம்பாய் மெட்ரிகுலேஷன் மாணவர்களுக்காக மேக்மில்லன் நிறுவனம் ஒரு பழைய நூலைச் சுருக்கிக் குறிப்புகளோடு வெளியிட்டது. கூப்பர் என்ற பம்பாய்ப் பதிப்பகம் அதே போல் இன்னொன்றை வெளியிட்டது. பழைய நூலிலிருந்து வரிகளை எடுத்துச் சேர்த்ததற்காக மேக்மில்லனுக்கு உரிமை கிடையாது, உழைத்து எழுதிய குறிப்புகளுக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இதை நம் திருக்குறளுக்குப் பொருத்திப் பாருங்கள். வள்ளுவர் எல்லாருக்கும் பொது. உரை அப்படியல்ல. மலேசியச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் உரிமை அவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். டாக்டர் மு.வரதராசனார் மறைந்தது 1974இல். ஆகவே, நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் அவருடைய தெளிவுரைக்கு இந்நாட்டில் 2024 முடியும் வரை காலக்கெடு இருந்தது. இந்தியாவில் 60 ஆண்டு என்பதால் அங்கே 2034 வரை உண்டு. 1964இல் மறைந்த பாரதிதாசனின் கவிதைகளுக்கு இங்கே 2014உடன் காலம் முடிந்துவிட்டது. 1981இல் மறைந்த கண்ணதாசனுக்கு 2031 வரை இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். பழைய கவிதை பொதுவாகிவிட்டாலும், அதைப் புதிதாக அச்சுக் கோத்து வெளியிட்ட பதிப்பின் பக்க அமைப்புக்குத் தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. பாரதிதாசன் கவிதை வேண்டுமா? புதுப் பதிப்பின் பக்கத்தை அப்படியே நகல் எடுப்பதைவிட, கணினியில் நீங்களே தட்டச்சு செய்துகொள்வது மேல்.

13ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

இன்று நம்மை ஆள்வது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அவ்வாண்டு டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்தது. ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் 13ஆம் பிரிவு. பாடம் நடத்தும்போது விளக்கத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை நியாயமான அளவில் சேர்த்துக் காட்டலாம். மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும். தேர்வுக் கேள்வி தயாரிக்கவும் ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம். பள்ளிகளுக்கென்று ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிகளைப் பள்ளி பதிவு செய்துகொள்ளலாம். 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய நாட்டில் இது தேவையான சலுகைதான். அனுமதிக் கட்டணம் வசூலிக்காத இடத்தில், இலாப நோக்கமற்ற நிறுவனம் கல்விக்காகவோ அறப்பணிக்காகவோ நடத்தும் படைப்பு நிகழ்ச்சிக்கும் இடம் உண்டு. டிக்கெட் விற்று விருந்து நடத்தினால் கதை வேறு.

2012 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் இந்தக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாக்கியது. நியாயமான பயன்பாடு என்பதை அளக்க நான்கு கேள்விகளையும் தந்தது. எதற்காக எடுக்கிறீர்கள், வியாபாரத்துக்கா, இலாபமில்லாத கல்விக்கா? எடுக்கப்படும் படைப்பு எப்படிப்பட்டது? எவ்வளவு எடுக்கிறீர்கள்? நீங்கள் எடுப்பதால் அந்தப் படைப்பின் சந்தை பாதிக்கப்படுமா? எங்கள் தொலைக்காட்சித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஒரு பாடலைப் பின்னணியில் ஒலிக்க விடுவதற்கு முன்பே உரிமை யாரிடம் என்று விசாரிக்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

விற்பனைக்காக நகல் எடுப்பவருக்கோ சட்டம் கடுமையானது. ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

டெல்லியில் ஒரு நகல் கடை

நான்காவது கேள்விக்கு அண்டை நாட்டில் பெரிய சோதனை வந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற நகல் கடை, பல நூல்களிலிருந்து பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை நகல் எடுத்து ஒரே கட்டாக மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவுதானா என்பதே பார்க்க வேண்டியது என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை மீட்டுக்கொண்டன.

அது இந்தியச் சட்டம். நம்மைக் கட்டுப்படுத்தாது. 'டெல்லியிலேயே விட்டுவிட்டார்கள்' என்று முழுப் புத்தகத்தையும் நகல் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே பேச்சு, நூல்களின் சில பகுதிகளைப் பற்றியது. அதுவும் உலகம் முழுவதும் விற்கும் பெரிய பதிப்பகங்களின் நூல்கள்.

நம் வீட்டு எழுத்தாளர் பாவம்

நம் நிலை என்ன? நாடு முழுவதும் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மொத்த மாணவர் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டவில்லை. நான்காம் ஆண்டுக்கு ஒருவர் தமிழில் பயிற்சி நூல் எழுதினால், அதை வாங்கக்கூடிய பிள்ளைகள் நாடு முழுவதும் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்ட மாட்டார்கள். இதுதான் அவருடைய மொத்தச் சந்தை. ஒரு பிரதி வாங்கி, அதைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அந்தச் சந்தை ஒரே இரவில் காலி. அடுத்த ஆண்டு அவர் நூல் எழுத மாட்டார். அப்போது நகல் எடுக்கக்கூட நமக்கு ஒன்றும் இருக்காது.

பெரும்பாலும் அந்த எழுத்தாளர் யார்? இந்நாள் அல்லது முன்னாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தான். தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து, கரும்பலகையைப் பார்த்து எழுதிப் படித்தவராகவும் இருக்கலாம்.

வறுமையை நான் மறக்கவில்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கத் திணறும் பெற்றோர் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் பாடநூலைக் கொடுக்கிறது. பயிற்சி நூலுக்கு என்ன வழி? பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர் சங்கமும் ஆண்டு விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, வகுப்புக்கு ஒரு கட்டு நூலை மொத்த விலையில் வாங்கலாம். பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்கலாம். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, கேட்பவர்கள்தான் அதைவிடக் குறைவு.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, ஒரு கவிதையை, ஒரு கட்டுரைப் பகுதியை வகுப்புக்காக எடுக்கும்போது அஞ்ச வேண்டாம். எழுதியவர் பெயரைத் தாளில் போடுங்கள். அந்தப் பெயரைப் பிள்ளையும் படிக்கட்டும். ஆனால், விற்பனைக்கு வந்த பயிற்சி நூலை முழுதாக நகல் இயந்திரத்தில் வைக்கும் முன்பு, எழுதியவரும் நம்மில் ஒருவர்தான் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.