நூலுக்கு விலை கொடுப்பவர் யார்? தமிழ் நூல் வெளியீட்டின் பொருளடிப்படை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துருக்களையும் அச்சகங்களையும் முதற்பதிப்புகளையும் பற்றியே பேசுகின்றனர். எந்நூல் எவ்விடத்தில் எவ்வாண்டில் அச்சேறியது என்பதில் நாம் காட்டும் ஆர்வம், அந்நூலுக்கான செலவை ஏற்றவர் யார், அது எவ்வழியாக வாசகர் கைக்குச் சேர்ந்தது என்னும் வினாக்களில் இருப்பதில்லை. இன்று இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது. நூல் விற்கும் முறை நம் கண்முன்னே மாறிவருகிறது. இறையியல் நூல்கள் பல மறுபதிப்பின்றி மறைகின்றன. மாணவர் பழைய நூல்களின் நகல்களைக் கையிற்கொண்டு வகுப்புக்கு வருகின்றனர். குறை வாசகரிடமா, வெளியீட்டாரிடமா என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

நூல் ஒன்றுக்கு யாரேனும் ஒருவர் விலை கொடுத்தே ஆகவேண்டும். அவர் கொடையாளராகவோ, புரவலராகவோ, வாசகராகவோ, அரசாகவோ இருக்கலாம். விலை கொடுப்பவர் மாறுந்தோறும் எழுதப்படும் நூலும் மாறியிருக்கிறது. அதனைப் பெறும் மக்களும் மாறியிருக்கின்றனர். இக்கருத்தைத் தமிழ் நூல் வரலாற்றின் சில கட்டங்களைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொடையாளரின் நூல்

இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்பதை யாவரும் அறிவர். எனினும் தொடர்ச்சியான தமிழ் நூல் வெளியீட்டைக் காண நாம் தரங்கம்பாடிக்கே வரவேண்டும். 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தொடக்கத்தில் ஓலையிலேயே தம் பணியை நடத்தினார். எழுத்தரை வைத்து ஏடுகளைப் படியெடுப்பித்தார். கையெழுத்துப் படிக்கு ஆகும் செலவும் காலமும் அவருக்கு விரைவில் விளங்கிவிட்டன. அச்சு இயந்திரம் வேண்டுமென்று அவர் ஐரோப்பாவுக்கு விடுத்த வேண்டுகோளுக்கு, இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் செவிசாய்த்தது. 1711இல் அனுப்பப்பட்ட இயந்திரம் வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, பணம் கொடுத்து மீட்கப்பட்டது. உடன் வந்த அச்சாளர் கடற்பயணத்திலேயே இறந்தார். அச்சாளர் இல்லாத இயந்திரமே 1712இல் நம் கரையை அடைந்தது. அடுத்த ஆண்டு ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் வந்தன. 1714இல் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதியும் 1715இல் முழுமையும் வெளிவந்தன.

ஹாலேயில் வார்த்த எழுத்துகள் அளவிற் பெரியன. பெரிய எழுத்து அதிகக் காகிதத்தை விழுங்கியது. காகிதமோ கடல் கடந்து வரவேண்டியது. ஆகவே மிஷனெரிமார் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். காகித ஆலை ஒன்றையும் நிறுவ முற்பட்டனர். நூலின் அடக்கவிலை எழுத்தின் உருவத்தையே மாற்றியதற்குத் தமிழில் இதுவே பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

இச்செலவுகளை ஏற்றவர் யார்? ஜெர்மனி, டென்மார்க், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் விசுவாசிகளே. 1710 முதல் ஹாலேயில் அச்சிடப்பட்ட மிஷன் அறிக்கைகளை வாசித்து அவர்கள் காணிக்கை அனுப்பினர். விலை கொடுத்தவர்கள் தமிழ் அறியாதவர்கள். தமிழ் அறிந்தவர்கள் விலை கொடுக்கவில்லை. இந்த ஏற்பாடு இன்றித் தமிழ்த் திருமறை அக்காலத்தில் அச்சேறியிராது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் எந்நூல் வேண்டும் என்று கேட்கும் உரிமை வாசகரிடம் இல்லாத ஒரு மரபும் அதனோடு கூடவே பிறந்தது.

2. விற்கத் தொடங்கிய சங்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரபு உள்ளிருந்தே கேள்விக்குள்ளாயிற்று. 1820இல் சென்னையில் வேதாகமச் சங்கத்தின் துணைச் சங்கம் அமைந்தது. வேதாகமத்தை அடக்கவிலைக்கும் குறைவாக விற்று, குறைவை நன்கொடையால் ஈடுசெய்யும் முறை அதன் வழியாக நம் நாட்டில் வேரூன்றியது. 'கொல்போர்ட்டர்' என வழங்கிய புத்தக ஊழியர்கள் சுவிசேஷப் பங்குகளைத் தோளில் சுமந்து சந்தைக்கும் திருவிழாவுக்கும் சென்றனர். நகரக் கடையை எட்டிப் பாராத கிராமத்தான் நூலைக் கண்டது இவர்கள் மூலமே. இவர்களை நாம் சுவிசேஷ ஊழியர் என்று மட்டும் நினைவுகூர்கிறோம். தமிழகத்தின் முதல் ஊர்சுற்றும் நூல் விற்பனையாளருள் இவர்களும் அடங்குவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

இலவச வழங்கலினும் சிறுவிலைக்கு விற்பதே நன்று என்று வற்புறுத்தியவர்களுள் ஜான் மர்டாக் முதன்மையானவர். ஸ்காட்லாந்தில் பிறந்து, இலங்கையில் பணியாற்றிப் பின் சென்னைக்கு வந்த இவர், 1858இல் தோன்றிய சங்கத்தின் பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1891 முதல் அது கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்னும் பெயர் பெற்றது. பள்ளிப் பாடநூல்கள் அதன் முக்கிய வெளியீடுகளாயிருந்தன. 1865இல் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியல் இன்றும் ஆய்வாளருக்கு இன்றியமையாத கருவியாகும். கிறிஸ்தவ நூல்களோடு நின்றுவிடாமல் சைவ, வைணவ, இசுலாமிய நூல்களையும் அது பதிவு செய்கிறது. மக்கள் எதனை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று அறிய விரும்பியவரின் உழைப்பு அது.

இதற்கிடையில் நாம் கருதத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சென்னையில் மிஷனெரிமார் நடத்திய வெஸ்லியன் புத்தகக் கடை நட்டத்தில் வீழ்ந்தது. அங்கே பணியாற்றிய ஏபல் ஹிக்கின்பாதம் என்பவர் 1844இல் அதனை வாங்கித் தம் பெயரில் நடத்தினார். அதே கடை வளர்ந்து, பின்னாளில் தென்னிந்திய இரயில் நிலையங்களிலெல்லாம் கிளை பரப்பிற்று. நூலைத் தருவோர் வேறு, நூலை விற்கத் தெரிந்தோர் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பதரிது.

3. கையொப்பக்காரரின் நூல்

1835இல் அச்சகச் சட்டம் தளர்ந்தபின் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. மிஷன் அச்சகங்களின் ஆற்றலை நேரில் கண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1849இல் வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சகம் நிறுவினார். நம் மிஷனெரிமாரோடு வாதிட்டவர் அவர்களது கருவியையே கைக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

பெருநூல்களைப் பதிப்பிக்க அச்சகம் மட்டும் போதவில்லை. முன்பணம் வேண்டும். மடங்களும் ஜமீன்களும் புரவலராயிருந்த மரபு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது கையொப்ப முறை துணைக்கு வந்தது. நூல் வெளிவருமுன்னே 'ஒரு படி வாங்குவேன்' என்று வாசகர் கையொப்பமிடுவார். அவர்கள் தரும் தொகையைக் கொண்டு காகிதம் வாங்கப்படும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது இவ்வாறே. பாடவேறுபாடுகளை ஆராய்ந்த உழைப்போடு, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் தேடிய உழைப்பையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தமிழின் தலைசிறந்த காப்பியங்களுள் ஒன்று, சமணர் இயற்றியது, சைவர் ஒருவரால் பதிப்பிக்கப்பெற்றது, பல ஊர்களிலிருந்த கையொப்பக்காரரின் சிறு தொகைகளைத் துணைகொண்டு அச்சேறியது. இங்கே வாசகர் முதன்முறையாக நூலின் பிறப்புக்குப் பொறுப்பேற்பவராகிறார்.

4. சந்தையும் அரசும் அயல்நாட்டு மானியமும்

புலவர் உலகுக்கு வெளியே வேறொரு சந்தை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சென்னைக் குஜிலிக் கடைவீதியில் மட்டமான காகிதத்தில் அச்சிட்ட சிந்துகளும் கதைப்பாட்டுகளும் சில காசுகளுக்கு விலைபோயின. விற்பவரே அவற்றைத் தெருவில் பாடி விற்றார். கற்றோர் இவற்றை இகழ்ந்தனர். எனினும் எவருடைய மானியமும் இன்றி வாழ்ந்த தமிழ் நூல் வகை இதுவே. 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம், பங்கு சேர்த்து நிறுவனமாக இயங்கும் மற்றொரு வழியைக் காட்டிற்று.

விடுதலைக்குப்பின் பெரிய வாசகராக அரசே வந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டி ஊர்தோறும் நூலகம் காண வகைசெய்தது. இதன் நன்மை அளவிடற்கரியது. கூலித் தொழிலாளியின் மகனும் கிளை நூலகத்தில் அமர்ந்து படிக்கலானான். அதேவேளையில் பதிப்பகங்கள் பல, வாசகரைத் தேடுவதை விட்டு நூலக ஆணையை எதிர்நோக்கி அச்சிடும் பழக்கத்துக்கு ஆளாயின. ஆணை தாமதமான ஆண்டுகளில் அவை தள்ளாடின.

அயல்நாட்டு மானியத்துக்கும் இருபதாம் நூற்றாண்டில் புதிய வடிவங்கள் தோன்றின. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாக, மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் மிகக் குறைந்த விலையில் நம் சிற்றூர்களையும் எட்டின. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் தமிழர் பலர் அறிந்தது இவ்வாறே. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்நூல்களின் வரவு நின்றது. நம் துறையிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. 1958இல் உருவான இறையியற் கல்வி நிதி போன்ற அமைப்புகளின் உதவியால் ஆசிய மொழிகளில் இறையியற் பாடநூல்கள் எழுந்தன. உதவி குறைந்தபோது நூல்களும் குறைந்தன. தரங்கம்பாடியில் தொடங்கிய அதே ஏற்பாட்டின் பலனும் பலவீனமும் இரு இடங்களிலும் ஒரே வகையாய் வெளிப்பட்டதைக் காண்கிறோம். மானியம் நூலைத் தரும். விற்பனை வழியைத் தானே அமைத்துத் தராது.

5. இன்றைய மாற்றம்

1977இல் சென்னை மதரஸா-ஏ-ஆசம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கிய புத்தகக் கண்காட்சி இன்று பல நூறு அரங்குகளோடு நடைபெறுகிறது. பதிப்பகத்தார் பலருக்கு ஆண்டின் பெருவிற்பனை அந்தச் சில நாட்களிலேயே நிகழ்கிறது. வாசகரும் பதிப்பாளரும் நேருக்கு நேர் சந்திக்கும் இவ்வழக்கம், கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவை மிச்சப்படுத்தியது. ஆயினும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிற்றூர்க் கடைக்கு அது துணைசெய்யவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாய் வைத்தது. கொடையின் மரபு புதிய வடிவில் திரும்பிற்று எனலாம். 2016இல் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல்களை முறையாக விற்கத் தொடங்கியது. பதிப்பாளர் இன்றியே எழுத்தாளர் நூல் வெளியிட இங்கு இயலும். மாதச் சந்தா செலுத்திய வாசகர் எத்தனை பக்கம் படித்தாரோ அதற்கேற்ப எழுத்தாளருக்குப் பங்கு கிடைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அவ்வேற்பாட்டில் சேரும் மின்னூலை அக்காலத்தில் வேறெங்கும் மின்வடிவில் விற்கலாகாது. படிப்பவர் நூலை உடைமையாக்குவதில்லை. படிக்கும் அனுமதியையே பெறுகிறார். விலை கொடுப்பவர் வாசகரேயாயினும், வழியை ஆள்பவர் ஒருவரே.

இவற்றினும் அமைதியாக நிகழ்ந்துள்ள மாற்றம், வேண்டும்போது வேண்டிய படிகளை மட்டும் அச்சிடும் முறையாகும். எழுத்துக் கோத்து அச்சிட்ட நாட்களில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகளுக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. என் முதற்சிறுநூலும் ஆயிரம் படிகளாகவே அச்சாயிற்று. நானூறு விற்றன; முந்நூறு அன்பளிப்பாய்ப் போயின; எஞ்சியவை நான் மாறிச் சென்ற குருமனை ஒவ்வொன்றிலும் கட்டிலின் கீழே என்னோடு குடியேறின. கடைசியில் கரையானே அவற்றின் வாசகர் ஆயிற்று. இன்றோ ஐம்பது படிகள் அச்சிட்டு, தேவையானால் மேலும் ஐம்பது அச்சிடலாம். படி ஒன்றின் அடக்கவிலை சற்றுக் கூடினும் முதல் முடங்குவதில்லை. சிறிய வாசகர் கூட்டத்தையுடைய இறையியல் நூலுக்கு இது பெரிய விடுதலையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, புதிய முறை பழையதை முற்றிலும் அழிப்பதில்லை. கையொப்ப முறை இன்று முன்வெளியீட்டுத் திட்டமாய் உயிர்த்திருக்கிறது. கொடை மரபு இணைய நூலகமாயிற்று. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டத்தாரை உள்ளே சேர்க்கையில் மற்றொரு கூட்டத்தாரை வெளியே நிறுத்துகிறது. மின்னூல் அயல்நாட்டுத் தமிழரை எட்டும். கைக்கருவியில் நெடுநேரம் படிக்க இயலாத கிராமத்து மூத்த உபதேசியாரை எட்டாது. மூன்றாவது, தமிழ் நூலுக்கு நேர்ந்த இடர் பெரும்பாலும் அச்சிலே இல்லை. அச்சான நூல் செல்லும் வழியிலேயே இருந்தது.

இம்மூன்றையும் ஏற்போமாயின் நமக்குரிய கடமையும் தெளிவாகிறது. ஒரு நூலை மொழிபெயர்ப்பிக்க நிதி தேடும் நாம், அதனைப் படிக்கப்போகிற நூறு பேர் யாவர் என்று முன்கூட்டியே கேட்கிறோமா? ஆயர் கூடுகைகளிலே கையொப்பம் வாங்கி, அவ்வளவு படிகள் மட்டும் அச்சிட்டு, குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுக்க நம்மில் யார் பொறுப்பேற்பது? ஆராதனைக்குப்பின் ஆலய வாசலில் ஒரு மேசை போட்டு நான்கு நூல்களை வைக்க எத்தனை சபைகள் ஆயத்தமாயுள்ளன? நூலை இலவசமாய்ப் பெற்றுப் பழகிய நாம், எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் உரிய கூலியைக் கொடுக்கப் பழகவேண்டும். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதை நாம் பிறருக்குப் போதிப்பவர்கள் அல்லவா?

தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்து மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அன்று நமக்காக அயலார் விலை கொடுத்தனர். கிராமச் சந்தையில் காலணா கொடுத்துச் சுவிசேஷப் பங்கு வாங்கிய ஏழை வாசகன், அவர்களுக்குப்பின் தன் பங்கைத் தானே செலுத்தினான். அவனுடைய பேரர்களாகிய நாம் அவனினும் வசதியுள்ளவர்கள். நமது மொழியில் இறையியல் நூல் வாழவேண்டுமாயின், அதன் விலையை இனி நாமே கொடுக்கவேண்டும்.