திண்டுக்கல் மலைக்கோட்டை

மாணவர்களே, விவரமறிந்த ஒருவரைத் துணைகொண்டு ஒரு பகற்பொழுதில் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கண்டு வாருங்கள். திண்டு போன்ற இக்கல்லே ஊருக்குப் பெயர் தந்தது என்பர்.

உச்சியில் நின்றால் சமவெளி நாற்புறமும் விரிந்து தோன்றும். மதுரைக்கும் கொங்கு நாட்டிற்கும் இடைப்பட்ட வழியைக் காக்க இதனினும் ஏற்ற இடம் ஏது? ஆதலின் மதுரை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் இங்குக் கோட்டை எழுப்பினர்.

1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்த ஐதர் அலி, பிரெஞ்சுத் தொழில் வல்லுநர் துணையுடன் பீரங்கிப் படையை வளர்த்தார். 1761-இல் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. 1790-இல் கோட்டையைக் கைப்பற்றிய கம்பெனியார், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அதனை உரிமையாக்கிக் கொண்டனர்.

மதில்களைக் கண்டு வியப்பதோடு நில்லாதீர்கள். அவை எவ்வழியைக் காத்து நின்றன என்று வினவுங்கள், வரலாறு விளங்கும்.