படத்துக்குள் அடைபட்ட வேலைவாய்ப்பு

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு, ரூ.706.50 கோடியில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டது. அதன் புகைப்படத்தை இணையத்தில் பலர் பார்த்திருப்பர். பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைக் குரலாக்கும். படத்துடன் 'மாற்று உரை' என்ற விவரணை சேர்க்கப்படாவிடில், பெரும்பாலும் 'படம்' என்ற சொல்லோ பொருளற்ற கோப்புப் பெயரோதான் அவர் காதில் விழும்.

கட்டடத்தின் படம் போனால் போகட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளும் படமாகவே உலவுகின்றன. பார்வையற்றவரான என் பழைய மாணவர் ஒருவர், முதுகலை வணிகவியல் பட்டதாரி, அத்தகைய அறிவிப்பை எனக்கு அனுப்பி, "ஐயா, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கணக்குப் பிரிவில் வேலை, அவருக்குப் பொருத்தமானது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் முந்தைய நாளே கடந்திருந்தது. தொழிலாளர் சந்தையில் தகவல் ஏற்றத்தாழ்வு பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய நான், இந்த எளிய உதாரணத்தை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. எண்மவழி அணுகல் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில் தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை அளிக்கவும் அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவு வகைசெய்கிறது. அறிவிப்பு எட்டாதவரிடமிருந்து விண்ணப்பம் வராது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் எழுதிக்கொள்ளும்.

விவரணை எழுதுவது கடினமன்று. படம் அந்த இடத்தில் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. திறப்புவிழாச் செய்தியில் 'வல்லம் வடகால் தொழிலாளர் குடியிருப்பின் பல மாடிக் கட்டடங்கள்' என்பது போதும். அதே படம் சக்கர நாற்காலியில் செல்வோருக்கான வசதி குறித்த கட்டுரையில் வந்தால், நுழைவாயிலில் இருப்பது சாய்தளமா படிக்கட்டா என்பதைச் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டடத்தை வருணித்துவிடும். இந்த வேறுபாட்டை எழுதுபவரே அறிவார். வெறும் அலங்காரப் படமானால் மாற்று உரையை வெறுமையாக விடுவதே முறை. திரைவாசிப்பான் அதைக் கடந்து செல்லும்.

ஆள்சேர்ப்பு அறிவிப்புக்கு 'வேலைவாய்ப்பு விளம்பரம்' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். பணி, தகுதி, ஊதியம், கடைசி நாள், தொலைபேசி எண் அனைத்தும் படத்தின் கீழே எழுத்தாக வேண்டும். வடிவமைத்தவரின் கணினியில் அவை முதலில் எழுத்தாகத்தான் தட்டச்சாகியிருக்கும். அங்கிருந்து படியெடுத்து ஒட்ட ஒரு நிமிடம் ஆகும்.