நானூறு புல்கட்டு

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவு ஒன்றின் வரலாற்றைத் தேடப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது எண்ணில்தான். ‘19-ஆம் டிராகூன்’ என்று ஆவணத்தில் பார்த்தால், எந்த 19 என்று கேட்க வேண்டும். ஜான் பிடல்ஃப் என்ற கர்னல் 1899-இல் இந்த எண்ணைப் பற்றியே முழுப் புத்தகம் போட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் 19 என்ற எண்ணைச் சுமந்த குதிரைப்படைகள் நான்கு. ஒன்றைக் கலைப்பார்கள், அல்லது அதற்கு வேறு எண் கொடுப்பார்கள். காலியான 19 இன்னொன்றுக்குப் போய்விடும்.

எங்கள் தொழிலில் இது தெரிந்த சிக்கல். நீக்கிய பயனரின் அடையாள எண்ணைப் புதிய பயனருக்குக் கொடுக்கக் கூடாது என்பது டேட்டாபேஸில் பால பாடம். கொடுத்தால் பழையவரின் கணக்கு வழக்கெல்லாம் புதியவர் தலையில் ஏறும். ராணுவத்தில் அதைத் தெரிந்தே செய்தார்கள், ஏனென்றால் அங்கே ஏறியது கடனல்ல, புகழ்.

இங்கே நான் பேசுவது மூன்றாவது 19-ஐப் பற்றி. 1781-இல் இங்கிலாந்தில் 23-ஆம் லைட் டிராகூன் என்ற பெயரில் திரட்டப்பட்டு, அடுத்த ஆண்டே மதராஸ் வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் அரச குதிரைப்படை இதுதான். 1786-இல் எண் 19 ஆனது. மைசூர்ப் போர்களில் திப்புவுக்கு எதிராக நின்றது. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில், வெல்லெஸ்லியின் தலைமையில், மராட்டியர் மீது பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் அதன் தளபதி பேட்ரிக் மாக்ஸ்வெல் செத்தார். வெற்றிக்குப் பரிசாக யானைச் சின்னம் கிடைத்தது. பிறகு ஊர் திரும்பி, கனடா எல்லையில் அமெரிக்கர்களோடு சண்டை போட்டு, 1821-இல் கலைக்கப்பட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1857-க்குப் பிறகு கம்பெனி வங்காளத்தில் புதிதாக ஒரு ஐரோப்பியக் குதிரைப்படையைத் திரட்டியது. அது அரசின் கைக்கு மாறியபோது 19-ஆம் ஹுஸ்ஸார் ஆனது. எண்ணோடு சேர்ந்து அசாயேயும் யானையும் வந்து சேர்ந்தன. அசாயேயில் இருந்த ஒரு ஆளோ ஒரு குதிரையோ அதில் இல்லை.

சரி, எண்ணை விட்டுவிட்டு ஆட்களைத் தேடலாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இது கம்பெனிப் படை அல்ல, அரசரின் படை. அதனால் இதன் வருகைப் பட்டியல்களும் சம்பளக் கணக்குகளும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர் அலுவலக ஆவணங்களோடு இருக்கின்றன. கம்பெனி ராணுவத்தின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். மதராஸ் அரசின் கடிதப் போக்குவரத்து சென்னை எழும்பூரில். ஒரே சண்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு படைகளின் தாள்கள் இப்படி வெவ்வேறு கட்டடங்களில் கிடக்கும். இந்தப் பிரிவினை தெரியாமல் தேடினால் வருடக்கணக்கில் தேடலாம்.

கியூ பட்டியல்களில் படைவீரனின் பெயர் இருக்கும், பதவி இருக்கும், சம்பளம் இருக்கும். ஆனால் படை என்பது சம்பளப் பட்டியலில் பெயருள்ளவர்கள் மட்டும்தானா?

இந்தப் படையின் பேர்போன நாளை எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10. தலைப்பாகையில் தோல் பட்டம், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்ற புதிய விதிகளால் கொதித்துப்போன சிப்பாய்கள் விடியலுக்கு முன்பே வேலூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த 69-ஆம் காலாட்படையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போகிறது. அங்கே 19-ஆம் டிராகூனின் தளபதி ரோலோ கில்லெஸ்பி கையில் கிடைத்த சிறு குழுவோடு உடனே கிளம்புகிறார். சுமார் 25 கிலோமீட்டர். மீதிப் படை பீரங்கிகளோடு பின்னால் வருகிறது. கோட்டைக் கதவை பீரங்கியால் உடைத்து உள்ளே புகுந்ததும் நடந்தது படுகொலை. சுமார் 350 சிப்பாய்கள் செத்தார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இதை எழுதிவைத்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டன். கதவை உடைக்கும் பொறுப்பில் இருந்தவரும் அவரே.

19-ஓடு சேர்ந்து அன்று ஆற்காட்டிலிருந்து வந்தது மதராஸ் 7-ஆம் நேட்டிவ் குதிரைப்படை. அசாயேயிலும் 19-க்குப் பக்கத்தில் ஓடிய படை. உள்ளே இருந்தவர்களும் சிப்பாய்கள், வெளியிலிருந்து வந்தவர்களில் பலரும் சிப்பாய்கள். இங்கிலாந்தில் ஹென்றி நியூபோல்ட் இந்தச் சம்பவத்தைப் பாட்டாக எழுதினார். தலைப்பு ‘கில்லெஸ்பி’.

கதை எப்போதும் அந்த வேகத்தைப் பற்றியே பேசுகிறது. செய்தி வந்ததும் குதிரை கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி. ஜூலையில், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போது, ஆற்காட்டு வெயிலில், ஒரு குதிரை 25 கிலோமீட்டர் நாலுகால் பாய்ச்சலில் ஓடத் தயாராக நிற்கிறது என்றால் முந்தின நாள் அதற்குத் தீனி போட்டது யார்?

இதற்கு விடை படை வரலாறுகளில் அல்ல, ஒரு அகராதியில் கிடைக்கிறது. 1886-இல் வந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களின் தொகுப்பு. அதில் ‘கிராஸ் கட்டர்’ என்று ஒரு பதிவு. கேட்டால் ஆங்கிலம் போல இருக்கும். ஆனால் ‘காஸ்’ (புல்) என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த திரிபாக இருக்கலாம் என்கிறது அகராதி. குதிரைக்காரரைத் தவிர, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு புல்லறுப்பவர் இருப்பது வழக்கம் என்றும் சொல்கிறது. அடுத்து ஒரு வரி: வடக்கே இந்த வேலை ஆணுடையது, தெற்கே இதைச் செய்பவர் குதிரைக்காரரின் மனைவி.

அகராதி வேலூருக்கு எண்பது வருஷம் பிந்தியது. ஆனால் அது பதிந்திருப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. இங்கே படைக்குதிரைக்குத் தீனி என்றால் வேகவைத்த கொள்ளும் பசும்புல்லும். புல்லில் உயர்ந்தது அருகம்புல். கோடையில் அறுக்க ஒன்றும் இருக்காது; வேரோடு கொத்தி எடுத்து, மண் போக அலசி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வர வேண்டும். நானூறு குதிரை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு நானூறு புல்கட்டு. போருக்குப் படை நகர்ந்தால் இவர்களும் பின்னால் நடப்பார்கள். முகாம் எங்கே விழுகிறதோ அங்கே புல் தேட வேண்டும். எதிரியின் குதிரைகளும் சுற்றுகிற நிலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

வேலூரில் ஒரு பெண்ணின் வாக்குமூலம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா. கணவர் அன்று கொல்லப்பட்டார். அவரும் குழந்தைகளும் தப்பினார்கள். அவர் எழுதிய குறிப்பு பின்னாளில் அச்சேறியது. படித்தால் மனசு கனக்கும். அதை ஏன் எழுதினார் என்று யாரும் குறைசொல்ல முடியாது. ஆற்காட்டில் முந்தின நாள் மாலை புல்கட்டை இறக்கிவைத்த பெண்ணுக்கு எழுதும் வசதி இருக்கவில்லை. அவர் அரசரின் சம்பளப் பட்டியலில் வருகிற ஆளும் அல்ல. அவருடைய ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள்கூடக் கோட்டைக்குள் இருந்திருக்கலாம். அவர் போட்ட தீனியில்தான் குதிரை ஓடியது.

அவரைக் குற்றவாளி ஆக்குவதற்காகவோ தியாகி ஆக்குவதற்காகவோ இதைச் சொல்லவில்லை. 19-ஆம் டிராகூன் இருபத்து நான்கு வருஷம் இந்த மண்ணில் இருந்தது. கப்பலில் வந்தது ஆட்கள் மட்டும்தான். குதிரை, கொள்ளு, புல், குதிரைக்காரர் எல்லாம் இங்கே கிடைத்தவை. எண்ணையும் சின்னத்தையும் வைத்துக் கதை சொன்னால், அசாயேயைக் கண்ணால் பார்க்காத 1858-ஆம் வருஷத்துப் படை அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறது, அந்தப் பெண் வெளியே நிற்கிறார்.

ஆகவே தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வீரர் பட்டியலைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். மதராஸ் ராணுவக் கடிதங்களில் தீவனம், புல், படையைப் பின்தொடர்வோர் என்ற சொற்கள் வருகிற பக்கங்களுக்குப் போங்கள். அலுப்பூட்டும் பக்கங்கள்தான், செலவுக் கணக்கு, கூலி, தகராறு. ஆனால் படை நம்மூரில் எப்படி உயிரோடு இருந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.