கொள்ளிடத்து உல்லமும் மீனேணியும்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் நெடுங்காலம் ஒரு மீன்சந்தை இருந்தது. பின்னர் அஃது உறையூரை அடுத்த காசிவிளங்கிப் பகுதிக்கு மாற்றப்பெற்றது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஊடறுத்துச் செல்ல, வடக்கே காவிரியும் அதற்கப்பால் கொள்ளிடமும் ஓடும் இவ்வூரில், கடல்மீன் வண்டியேறி வந்து விற்கப்படுதல் எவருக்கும் வியப்பன்று. ஆயின் வண்டியேறாது, தானே நீந்திக் கொள்ளிடத்தின்வழி உள்நாட்டுக்கு ஏறிவந்த கடல்மீன் ஒன்று உண்டு. அதனை உல்லம் என்பர். வங்கத்தார் இலிஷ் என்றும், கோதாவரிக்கரையினர் புலச என்றும் போற்றுவது இதனையே. இம்மீனைக் காத்தற்பொருட்டுச் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த முயற்சிகளின் வரலாற்றை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உல்லம் கடலில் வளர்ந்து, வெள்ளக்காலத்தில் ஆற்றின் எதிரோட்டத்தில் ஏறி, நன்னீரில் முட்டையிடும் இயல்பினது. முட்டை ஏறத்தாழ ஒருநாட் பொழுதில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சிலகாலம் ஆற்றிலேயே வளர்ந்து, பின்னர்க் கடல்நோக்கி இறங்கும். ஆகவே இம்மீனுக்கு வேண்டுவன இரண்டு: ஏறுதற்கு வழி, ஏறத் தூண்டும் வெள்ளம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையே பின்வந்த பிழைகள் பலவற்றிற்கும் காரணம் என்பது எம் கருத்து.

முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம், தாழ்ந்த படுகையால் நீரின் பெரும்பகுதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளத் தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், நெடுந்தொலைவு கீழே, இன்று அணைக்கரை எனப்படும் இடத்தில் கீழணையும் எழுப்பினார். உழவுக்கு விளைந்த நன்மை பெரிது. அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் கடலினின்று ஏறிவரும் உல்லத்துக்குக் கீழணை ஒரு சுவராயிற்று. அணையின் அடியில் திரண்டு நின்ற மீனை வலையிட்டு வாரிக்கொள்ளுதல் மிக எளிதாயிற்று. முட்டையிட வந்தது முட்டையோடு பிடிபட்டது.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்னும் வருவாய்ப் பெயர்கள் பயில்கின்றன. ஏரியின் மீன்வருவாயை அவ்வேரியைத் தூர்வாரவே ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. அஃதாவது, நீர்நிலையின் கணக்கில் மீனும் ஓர் உறுப்பு. காட்டனின் அணைக்கணக்கில் அவ்வுறுப்பு இல்லை.

படைமருத்துவராக வந்து மீனியலறிஞராக விளங்கிய பிரான்சிஸ் டே, 1873இல் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையில், வழிவிடாத அணைகளையும் குஞ்சுகளை அரிக்கும் நுண்கண் வலைகளையும் கண்டித்தெழுதினார். 1897இல் இயற்றப்பெற்ற இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடித்தலைத் தடைசெய்தது. வலைக்கண்ணின் அளவு குறித்து விதிசெய்யும் உரிமையை மாகாண அரசுகளுக்கு அளித்தது.

கீழணையில் மீனேணி ஒன்றும் அமைக்கப்பெற்றது. மீனேணியாவது, அணையின் ஒருபால் படிப்படியாக நீர் வழிந்திறங்குமாறு கட்டப்படும் வழி. மேனாட்டு ஆறுகளில் சால்மன் மீன் அப்படிகளைத் துள்ளிக் கடக்கும். உல்லம் துள்ளும் மீனன்று. ஏணி நின்றது, மீன் ஏறவில்லை. கருவியின்மேல் குற்றம் ஏற்றுதல் பொருந்தாது. அது வேறொரு மீனுக்காக எண்ணப்பட்ட கருவி.

ஏணி பயன்படாதாகவே, மீனை ஏற்றுவதை விடுத்துக் குஞ்சை ஆக்கும் வழி நாடப்பட்டது. பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் 1907இல் தோன்றிய சென்னை மீன்வள அமைப்பில் பணியாற்றிய எச். சி. வில்சன், 1909ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கை முறையில் கருவுறச் செய்தார். இந்தியாவில் இம்மீனைப் பற்றிய இத்தகைய முயற்சிகளுள் இதுவே முதலாவது. நீரினின்று எடுத்தவுடன் உல்லம் இறந்துபடும்; ஆதலின் வலையேறிய மீனிலிருந்து அக்கணமே முட்டையையும் விந்தையும் பிழிந்து கலத்தல் வேண்டும். சினைமுற்றிய ஆணும் பெண்ணும் ஒரே வேளையில் அகப்படுதல் வேண்டும். வலைஞரின் கைத்திறம் இன்றி ஆய்வாளரால் ஓர் அடியும் நகர்ந்திருத்தல் இயலாது. அறிக்கைகளில் அவர்தம் பெயர் நின்றதோ இல்லையோ, இப்பணியிற் பாதி அவர்களுடையது என்றே யாம் கொள்கின்றோம். பின்னர் பா. சுந்தரராஜ் கொள்ளிடத்து உல்லத்தின் இயல்பையும் செயற்கைப் பெருக்கத்தையும் ஆராய்ந்து 1917இல் எழுதினார். வங்கத்தில் சவுத்வெல், பிரசாத் ஆகியோரும், நருமதையில் குல்கர்ணியும் அவ்வழியே முயன்றனர்.

1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. வெள்ளம் தேக்கத்தில் அடங்கியது. கொள்ளிடத்தில் வழிந்தோடிய பெருக்கு குன்றியது. முன்னர் வழியடைபட்ட உல்லத்துக்கு இப்பொழுது அழைப்பும் நின்றது. சென்னை மாகாண மீன்வளத்துறையின் தலைவராயிருந்த அதே சுந்தரராஜ், அணைகளும் மீன்வளமும் பற்றி, மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடங்கள் எவை என்று 1941இல் ஒரு கட்டுரை வரைந்தார். குஞ்சு பொரிப்பதில் இளமையைச் செலவிட்ட ஒருவர் ஆற்றின் நீரோட்டத்தையே பொருளாகக் கொண்டமை எம் உள்ளத்தைத் தொடுகின்றது. அப்பாடம் கற்கப்பட்டதா எனின், கங்கையில் 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அதற்கு மேற்பட்ட பகுதிகளில் உல்லம் பெரிதும் அருகிவிட்டமையே விடையாகும். பாரக்பூரிலுள்ள நடுவண் உள்நாட்டு மீன்வள ஆய்வுநிலையம் பரக்காவுக்கு மேலே உல்லத்தை விட்டுப் பெருக்க முயன்று வருகின்றது.

வங்கதேசம் பிறிதொரு நெறியை மேற்கொண்டது. ஆங்கு 25 செண்டிமீட்டருக்குக் குறைந்த இளமீனை ஜாட்கா என்பர். அதனைப் பிடித்தல் குற்றம். முட்டையிடும் பருவத்தில் 22 நாள் வலையிடத் தடை உண்டு. தடைக்காலத்தில் வலைஞர் குடும்பங்களுக்கு அரசு அரிசி வழங்குகின்றது. 2002-03இல் ஏறத்தாழ 2 இலட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017-18இல் 5 இலட்சம் டன்னைக் கடந்தது. தடைகள் வன்மையாக நடைபெறாத இடங்களும், அரிசி போதாத குடும்பங்களும் ஆங்கு உள எனினும், வலைஞனின் அடுப்பையும் காப்புத்திட்டத்தின் பகுதியாக எண்ணியமை கொள்ளிட முயற்சியில் காணாத ஒன்று.

முக்கொம்பில் 1836இல் எழுந்த மேலணையின் 45 மதகுகளுள் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதனையடுத்துப் புதிய கதவணை எழுந்தது. இருநூற்றாண்டை அணுகிய கட்டடம் சரிந்த அவ்வேளையில், நகரத்தார் பேச்சில் நிலவியவை வயலும் குடிநீரும் ஆகும். உல்லத்தை நினைத்தோர் மிகச் சிலராகவே இருந்திருத்தல் கூடும். கொள்ளிடக் கரையூர்களில் முதிய வலைஞர் சிலர் இன்னும் உளர். மீன், வலை, நீரோட்டம் ஆகியன குறித்த அவர்தம் சொற்களைத் தொகுக்கும் மாணவர்கள், உல்லம் என்னும் பெயரோடு அம்மீன் ஏறிய பருவத்தையும் எட்டிய துறைகளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.