கொலைச் சிந்தும் வடசென்னை வாசகரும்

நடந்த கொலை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே 'கொலைச் சிந்து' என்னும் சிறு வெளியீடுகளால் தமிழகத்தில் நிலைபெற்றுவிட்டது. சிந்து என்பது இசையோடு பாடுதற்கேற்ற எளிய பாவகை. ஊரறிந்த கொலையை அதில் கட்டி, மட்டமான தாளில் சில பக்கங்களாக அச்சிட்டு, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்காட்டி விற்றனர். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் இவை மிகுதியாக விற்றமையால் 'குஜிலி நூல்கள்' என்ற பெயரும் ஏற்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) இவற்றைத் தமிழ் அச்சு வரலாற்றின் ஒரு பகுதியாக ஏற்று ஆராய்கிறது.

1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டபின், துறைமுகமும் ஆலைகளும் தொடர்ந்து வந்து, வடசென்னையைக் கூலிக்கு உழைப்போரின் பகுதியாக்கின. எழுத்தறியாதவரும் காதால் கேட்டுப் பொருள் கொள்ளும்படி அமைந்த சிந்துக்கு இத்தகைய மக்களிடையே வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட பிற்காலப் பழக்கமும் இதன் தொடர்ச்சியே.

இந்த வாசகர்களின் வாசலிலேயே நிகழ்ந்தது 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை. சைனா பஜாரில் பேனா விற்கும் ஜெம் அண்ட் கோ கடையோடு சேர்ந்து வியாபாரம் நடத்திய, முன்னர் ராணுவத்தில் பணியாற்றிய ஆளவந்தார், ஆகஸ்ட் 28 அன்று ராயபுரம் கல்லறைச் சாலையில் குடியிருந்த ஒரு தம்பதியின் வீட்டில் கொல்லப்பட்டார். அம்மனைவிக்கும் அவருக்கும் முன்பு தொடர்பு இருந்தது. தலையற்ற உடல் இரும்பு டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி செல்லும் போட் மெயிலில் ஏற்றப்பட்டது. மானாமதுரையில் பெட்டியைத் திறந்தபோதுதான் செய்தி வெளிவந்தது. சட்டையில் சுற்றிக் கடற்கரையில் போடப்பட்ட தலையோ ராயபுரத்து மணலிலேயே கிடைத்தது. இருவேறு ஊர்களில் கிடைத்தவை ஒரே மனிதனுடையவை என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சி. பி. கோபாலகிருஷ்ணன் ஆராய்ந்து உறுதிசெய்தார். ராணுவப் பதிவேட்டிலிருந்த கைரேகையும் அதற்குத் துணைநின்றது. தடயவியல், அதாவது குற்றத்தின் எச்சங்களைக் கொண்டு உண்மையை நிறுவும் அறிவியல், என்ன செய்ய வல்லது என்பதைப் பொதுமக்கள் நாளிதழ் வழியே நாள்தோறும் கற்ற வழக்கு இது. 1953இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர், ஜூரிகளுடன் விசாரித்து, கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத்தண்டனை விதித்தார்.

குற்றம் செய்தவருக்கு மரண தண்டனை கிடைக்காமற்போனதை அறமென்று கருதியவரும் உண்டு, அநீதியென்று கருதியவரும் உண்டு. கொலையுண்டவரின் ஒழுக்கத்தை வைத்து அவர் உயிருக்கு விலை பேசுவதில் இரு சாராரும் பெரும்பாலும் ஒத்துப்போயினர். சிந்து நூல்கள் பழக்கிவிட்ட தீர்ப்பு முறை இதுவே: தவறிழைத்த பெண்ணைப் பழிப்பதும் கேட்போருக்குப் புத்தி சொல்வதும் அவற்றின் வாடிக்கை. வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமான செய்திகளைத் தந்த அதே நூல்கள் இதில் கடுமையாகத் தவறின என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தடுத்துப் பலரைக் கொன்ற தொடர்கொலைகளின் கதை தமிழ் வாசகரைப் பெருமளவில் ஈர்த்தது திருவான்மியூரைச் சேர்ந்த ஆட்டோ சங்கர் வழக்கினால்தான். அவ்வழக்கில் புதிதாக வந்தது கொலையாளியின் சொந்தக் குரல். சிறையிலிருந்தபடி அவர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வார இதழ் வெளியிட முற்பட்டபோது, சிறைத்துறையின் எதிர்ப்பினால் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டியும் சுகாஸ் சி. சென்னும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை எவருடைய ஒப்புதலுமின்றி வெளியிடலாம் என்றும், அதற்கு அப்பாற்பட்ட தனிவாழ்வைத் தொடுவது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம் என்றும் வரையறுத்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சேலத்தில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். ஆறு பேரைக் கொன்றவரின் பெயர் தமிழகமெங்கும் நிலைத்துவிட்டது, கொல்லப்பட்டவர்களின் பெயர்களோ வாசகர் நினைவில் இல்லை. இது சிந்துக்காரரிடம் கூடக் காணாத இழப்பு, ஏனெனில் மாண்டவரைப் பெயர் சொல்லிப் புலம்புவதற்கு அவர்கள் இடமளித்தனர்.

அச்சிந்துகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அச்சிட்ட நூல்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் சில சிந்துகள் அரசுப் பட்டியல்களில் இடம்பெற்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சில பிரதிகளும் எஞ்சியுள்ளன.