எல்லைக்கோடும் அரசமைப்பும்: சித்தூர், திருப்பதி

திருப்பதியில் பேருந்து ஏறிப் புத்தூர், நகரி வழியாகத் திருத்தணிக்கு வருகிறவர், நகரியைத் தாண்டிய சிறிது நேரத்தில் கடைப் பலகைகளில் தெலுங்கு போய்த் தமிழ் வருவதைப் பார்க்கலாம். இந்த எல்லைக்கோட்டை வகுத்தது 1959ஆம் ஆண்டின் 56ஆம் சட்டம். மாநிலங்களின் எல்லை யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று, பெரும்பாலும் பழைய வட ஆர்க்காட்டுத் தாலுகாக்களைக் கொண்டு சென்னை மாகாணத்தில் உருவானது. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. திருப்பதி, திருத்தணி இரண்டையும் சேர்த்துக்கொண்டே சித்தூர் அங்கே போனது. தமிழ் பேசும் ஊர்களை மீட்க ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழாரும் போராடினார்கள்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, ஏழாம் அட்டவணையில் அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்தது. காவல்துறை, நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலத்துக்கு வந்தன. ஆனால் மாநிலம் நிற்கிற மண்ணின் எல்லை மாநிலத்திடம் இல்லை. பிரிவு 3இன்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே அதை மாற்றலாம். பாதிக்கப்படும் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான், ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலத்திலிருந்து புதிய மாநிலம் உருவாக்க அதன் சட்டமன்றம் சம்மதித்தாக வேண்டும்.

எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச்.வி.படாஸ்கர் நடுவராக வந்தார். ஊரை அலகாகவும், பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு அவர் தந்த பரிந்துரை, நாடாளுமன்றத்தில் சட்டமானது. அப்போது மக்களவைத் தலைவராக இருந்தவர் அனந்தசயனம் அய்யங்கார்: திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் பிறந்தவர், அரசமைப்பு அவையின் உறுப்பினர், சித்தூர்த் தொகுதியில் வென்றவர். மாநிலங்களவைத் தலைவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களின் பகுதிகள் ஆந்திரத்துக்குப் போய்ச் சத்தியவேடு தாலுகாவாயின. திருப்பதி ஆந்திரத்திலேயே தங்கியது.

ஒன்றியத்துக்கும் கடிவாளம் உண்டு. அண்டை நாட்டுக்கு நிலம் கொடுக்கப் பிரிவு 3 போதாது, அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டுக்குள் நிலம் மாற்றுவதில்தான் கடிவாளம் தளர்வு. சட்டமன்றத்தின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1959இலேயே பாபுலால் பராட்டே வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

அதன் முழுப் பொருளை ஆந்திரம் 2014இல் அனுபவித்தது. முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டி, அன்றைய சித்தூர் மாவட்டத்துப் பீலேர் தொகுதிக்காரர். மாநிலப் பிரிவினை மசோதாவை ஜனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிப்ரவரி 18 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. மறுநாள் கிரண்குமார் ரெட்டி பதவி விலகினார். ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்களின் நெடுநாள் கோரிக்கை நியாயமானது. ஆனாலும், ஒரு சட்டமன்றத்தின் மறுப்புக்கு எந்த எடையும் இல்லாதது அரசமைப்பில் உள்ள குறைதான். சமஸ்தானங்களை இணைத்து நாட்டைக் கட்டிய காலத்தில் தேவைப்பட்ட அதிகாரம், இன்று சட்டமன்றத்தின் சம்மதத்தோடு சேர்ந்து இயங்குவதே முறை.

மாவட்ட எல்லை மட்டும் மாநில அரசின் கையில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு தன் சட்டத்தின்படியே திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியது. அதற்கு நாடாளுமன்றம் தேவைப்படவில்லை. 1960இல் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போன சத்தியவேடு அந்த மாவட்டத்தில் சேர்ந்தது.